எட்டு டாலரோடு இறங்கியவர்கள்: 1966–69 அமெரிக்க அனுபவங்கள்

சிகாகோ, 1966 முதல்

அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள் என்று இங்கே சிலர் இருக்கிறோம். அப்போதைய விலைவாசி, டிவி, செய்தி, பழகிய மனிதர்கள் பற்றி அவரவருக்குத் தெரிந்ததை எழுதுங்கள். நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல நாம் இருப்போமோ என்னவோ, எழுத்து இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன்.

1966 செப்டம்பரில் வந்தேன். கையில் எடுத்துப்போக அனுமதித்த அந்நியச் செலாவணி 8 டாலர். அந்த ஜூன் மாதம்தான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். 4.76 ரூபாய்க்கு இருந்த டாலர் 7.50 ஆகிவிட்டது. அதனால் எதைப் பார்த்தாலும் ஏழரையால் பெருக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு பவுண்டு ரொட்டி 22 சென்ட், அதாவது ஒன்றரை ரூபாய்க்கு மேல். ஊரில் அந்தக் காசுக்கு ஓட்டலில் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிடலாம். கோக் 10 சென்ட், தெருமுனைத் தொலைபேசியில் ஓர் அழைப்பு 10 சென்ட், உள்நாட்டுக் கடிதத்துக்குத் தபால்தலை 5 சென்ட். 1968 ஜனவரியில் தபால்தலை 6 சென்ட் ஆனபோது எங்கள் துறையில் பேராசிரியர்கள் வரை அதைப் பற்றியே பேசினார்கள்.

முதல் குளிர்காலத்திலேயே, 1967 ஜனவரி 26, 27 தேதிகளில், சிகாகோவில் 23 அங்குலம் பனி கொட்டியது. பேருந்துகள் நடுத்தெருவில் நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் கார்களை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனார்கள். என்னிடம் இருந்தது மவுண்ட் ரோட்டில் வாங்கிய தோல் செருப்பும் ஒரு ஜோடி ஷூவும்தான். கீழ்வீட்டில் போலந்துக்காரப் பாட்டி ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கதவைத் தட்டி, இறந்துபோன தன் கணவரின் ரப்பர் பூட்ஸை நீட்டினார். காசு கொடுக்கப் போனேன், கோபித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவருக்கு ரொட்டியும் பாலும் வாங்கி வந்து கொடுத்தது நான்தான். இப்படி ஒருத்தரையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதுங்கள்.

குயின்ஸ், நியூயார்க், 1968 முதல்

சிகாகோ அண்ணா, நீங்கள் படிக்க வந்தீர்கள், நான் கல்யாணமாகி வந்தேன். எனக்கு அமெரிக்கா என்றால் முதலில் சமையலறைதான்.

துவரம்பருப்பு பக்கத்துக் கடையில் கிடைக்காது. பச்சைப் பட்டாணியை உடைத்த பருப்பு கிடைக்கும். அதில் சாம்பார் வைத்தால் பாயசம் மாதிரி இனிப்பு தட்டும், புளியை ஏற்றிப் போட்டுச் சமாளிக்க வேண்டும். கிரீம் ஆஃப் வீட் என்று காலைக்கஞ்சிக்காக ஒரு டப்பா விற்பார்கள். அதுதான் எங்கள் ரவை. உப்புமா அருமையாக வரும். மோர் அட்டைப் பெட்டியில் கிடைத்தது, அது பெரிய ஆறுதல். அமெரிக்கப் பெண்கள் அதைக் கேக் செய்ய வாங்குவார்கள். குடிக்க வாங்குகிறேன் என்று சொன்னதும் கல்லாவில் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினாள்! மற்ற சாமானுக்கெல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவுக்குப் போவோம். அங்கே காலஸ்டியன்ஸ் என்று ஆர்மீனியர் ஆரம்பித்த கடை. நம் பருப்பு, மசாலா எல்லாம் அங்கேதான். சப்வே என்ற சுரங்க ரயிலுக்கு டோக்கன் ஒன்று 20 சென்ட், போக வர இரண்டு பேருக்கு 80 சென்ட். அரிசி மூட்டையை இவர் தோளில் சுமந்துகொண்டு படி ஏறுவார். அங்கே வரும் பாகிஸ்தானியர், பஞ்சாபிகள், கயானாக்காரர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். தமிழ்க் குரல் கேட்டால் போதும், விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறே வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

டிவியில் மூன்று பெரிய நிறுவனங்கள்தான்: சிபிஎஸ், என்பிசி, ஏபிசி. எங்களுடையது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எட் சல்லிவன். பாட்டு, சர்க்கஸ் வித்தை, பொம்மலாட்டம், நகைச்சுவை எல்லாம் ஒரே மணி நேரத்தில். திங்களன்று லாஃப்-இன் என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. வேகவேகமாகப் பேசுவார்கள், முதல் சில மாதம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அப்புறம் ஒருநாள் இவருக்கு முன்னாலேயே நான் சிரித்தேன், என் ஆங்கிலம் தேறிவிட்டது என்று அன்றைக்குத்தான் நம்பினேன். 1969 நவம்பரில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி வந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருவில் குடியிருப்பதாகக் காட்டினார்கள். அந்த நாளில் அது சாதாரண விஷயமில்லை.

அர்பானா, இல்லினாய், 1967–70

எல்லாம் மலிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 1967இல் மணிக்கு 1.40 டாலர், 1968 பிப்ரவரியிலிருந்து 1.60. நான் பாத்திரம் கழுவிய சாப்பாட்டுக்கூடத்தில் அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குறைந்தபட்சக் கூலி உச்சத்தில் இருந்தது 1968இல்தான். அப்போது பெட்ரோல் காலன் 34 சென்ட். அந்த ஆண்டு நாடெங்கும் விற்பனைக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் பர்கரான பிக் மேக் 49 சென்ட். 1.60 சம்பாதிப்பவர் ஒரு மணி நேர உழைப்பில் மூன்று வாங்கலாம். இன்றைய 7.25 டாலரில் அது முடியுமா என்று கணக்குப் பாருங்கள். இன்றைக்கு உணவகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் வேதனை.

ஊருக்குப் பேசுவதுதான் உண்மையிலேயே எட்டாத விலை. ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குப் பத்து டாலருக்கு மேல். நீலநிற ஏரோகிராம் 13 சென்ட். நாங்கள் எல்லாரும் அதில்தான் குடும்பம் நடத்தினோம்.

வாஷிங்டன், 1967–71

நான் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கறுப்பின மக்களுக்காக உருவான பல்கலைக்கழகம். நம்மவர்களில் பலர் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் படிப்பில் இன்றும் பெருமைதான்.

முதலில் அறை தேடிய கதையைச் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் காலி இருக்கிறது என்பார்கள். நேரில் போய் நின்றால், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பார்கள். ஒரு வீட்டில் என் கண் முன்னாலேயே ஜன்னலில் தொங்கிய அறிவிப்பு அட்டையை எடுத்தார்கள். நான்கைந்து இடத்தில் இப்படி ஆன பிறகு, ஜார்ஜியா அவென்யூ பக்கம் ஒரு கறுப்பினத்து அம்மா அறை கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாடகை முன்பணம் கேட்கவில்லை. "உன் அம்மாவுக்கு வந்து சேர்ந்ததாகக் கடிதம் போட்டாயா?" என்றுதான் முதலில் கேட்டார்.

1968 ஏப்ரல் 4 இரவு. மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸில் சுடப்பட்ட செய்தி வந்தபோது அந்த அம்மா வரவேற்பறையில் தைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. பதினான்காம் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் இடத்தில் கூட்டம் சேர்ந்தது. எங்கள் ஹோவர்டில் படித்த கறுப்பின உரிமைத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் கடை கடையாகப் போய் மரியாதைக்காகக் கடையைச் சாத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் பகலில் ஏழாம் தெரு, பதினான்காம் தெரு, எச் தெரு எல்லாம் எரிந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் புகைக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலின் கோபுரம் தெரிந்தது. அதன் படிக்கட்டில் படைவீரர்கள் இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவர் நடத்திய கடைகளில் 'சோல் பிரதர்' (கறுப்பினச் சகோதரன்) என்று சோப்பாலும் பெயின்ட்டாலும் எழுதி வைத்தார்கள், தங்கள் கடையை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். மாலை ஐந்தரைக்கே ஊரடங்கு. எங்கள் தெருவில் பால், ரொட்டி கிடைக்கவில்லை. அந்த அம்மா என்னை வெளியே விடவே இல்லை. "உன் நிறத்தை இருட்டில் ராணுவக்காரன் பார்த்தால் நீ இந்தியன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவா போகிறான்?" என்றார்.

ஏப்ரல் 11 அன்று ஜனாதிபதி ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறத்தையோ பிறந்த நாட்டையோ காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்ற வீட்டுரிமைச் சட்டம். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த மசோதா, கிங் இறந்த ஒரே வாரத்தில் நிறைவேறியது. அப்புறம் வந்த லட்சக்கணக்கான நம் மக்கள் நல்ல பேட்டைகளில் வீடு வாங்கினார்கள் என்றால், அதற்குப் பின்னால் கறுப்பின மக்களின் போராட்டமும் உயிர்ப்பலியும் இருக்கிறது. கிரீன் கார்டுக்கு வழி திறந்த 1965ஆம் ஆண்டுச் சட்டமும் அதே போராட்ட அலையில் வந்ததுதான். நம் வீடுகளில் கறுப்பினத்தவரைப் பற்றி இன்னும் இழிவாகப் பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வரும், உடனே அங்கேயே மறுத்துப் பேசிவிடுவேன். தயவுசெய்து நீங்களும் பேசுங்கள்.

நியூ ஹேவன், 1967–69

வாஷிங்டன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை.

அதே 1968 வசந்தத்தில்தான் அறிஞர் அண்ணா இங்கே யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சப் ஃபெலோஷிப் என்ற கௌரவ அழைப்பு.  முதலமைச்சராகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. என் கணவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். மாணவர்களோடு அவர் உட்கார்ந்து பேசியபோது நாங்கள் பின்வரிசையில் நின்று பார்த்தோம். பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பையன், இவர் உங்கள் மாநிலத்து கவர்னர் மாதிரியா என்று கேட்டான். எங்களுக்கு அவர் யார் என்பதை நின்ற இடத்திலேயே மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்தச் செப்டம்பரில் அவர் மறுபடியும் அமெரிக்கா வந்தது நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு. தமிழர்கள் யாரைச் சந்தித்தாலும் அதே பேச்சுதான். குணமாகித் திரும்பினார் என்று நிம்மதியாக இருந்தோம். 1969 பிப்ரவரி 3 அன்று போய்விட்டார். நியூயார்க்கிலிருந்து ஒரு நண்பர் போன் செய்து சொன்னார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அன்று எவ்வளவு நேரம் அதைச் சொன்னார்களோ, எங்கள் வீட்டில் டிவியே போடவில்லை. சென்னையில் கூடிய ஜனக்கடலைப் பற்றி ஏரோகிராம்கள் வந்து சேர்ந்தபோதுதான் வாய்விட்டு அழுதேன்.

சிகாகோ, 1966 முதல்

நிலா இறக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1969 ஜூலை 20, ஞாயிறு. எங்கள் கட்டடத்தில் நல்ல டிவி போலந்துப் பாட்டி வீட்டில்தான். இறங்கு கலம் தரை தொட்டது எங்கள் நேரப்படி மதியம் மூன்றேகாலுக்கு. சிபிஎஸ்ஸில் செய்தி வாசிக்கும் வால்டர் கிராங்கைட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேச முடியாமல் கையைத் தேய்த்துக்கொண்டார். தினமும் வியட்நாம் சாவுக் கணக்கைச் சொல்லிச் சொல்லி இறுகிப்போன முகம் அன்று குழந்தை முகமாக இருந்தது. இரவு பத்துக்குச் சற்று முன்னால் ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தார். பாட்டி சிலுவைக் குறி போட்டார். நான் என்னை அறியாமல் முருகா என்றேன். மறுநாள் திங்கட்கிழமை அரசு விடுமுறை.

டெட்ராய்ட், 1968 முதல்

நான் கிரீன் கார்டோடு வந்தவன், இஞ்சினியர். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: மாணவர் விசாவில் இருந்தவர்களுக்குத் தொல்லை இல்லை, ஆனால் கிரீன் கார்டு வாங்கிய இளைஞர்கள் ராணுவத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். வியட்நாமுக்கு எங்களையும் அழைக்கலாம். இதை நான் அப்பாவுக்கு எழுதவே இல்லை.

1969 டிசம்பர் 1 இரவு வாஷிங்டனில் குலுக்கல், டிவியில் நேரடி ஒளிபரப்பு. பிறந்த தேதிகளை நீலநிறக் குப்பிகளில் போட்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து எடுத்தார்கள். 366 குப்பிகள். முதலில் வந்தது செப்டம்பர் 14, அடுத்தது ஏப்ரல் 24. 1944 முதல் 1950 வரை பிறந்தவர்களுக்கு அந்த வரிசையில்தான் அழைப்பு. நான் 1945இல் பிறந்தவன். என்னோடு அறையில் இருந்தது ஓஹையோ விவசாயி மகன். என் தேதி முந்நூறுக்கு மேலே போய்த்தான் வந்தது. அவனுடையது முதல் முப்பதுக்குள். என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, தன் வீட்டுக்குப் போன் போட வெளியே போனான். 1970 கோடையில் அவனுக்கு அழைப்பு வந்தது. போனான், திரும்பியும் வந்தான். இப்போது டேட்டனில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் தோறும் பேசிக்கொள்கிறோம். அந்த இரவைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே பேசியதில்லை.

குயின்ஸ், நியூயார்க், 1968 முதல்

டெட்ராய்ட் தம்பி, உங்களைப் போலவே எங்கள் கட்டடத்திலும் ஒரு மலையாளிப் பையன் பதிவு செய்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தான். தினமும் சாப்பாடு நான்தான் கொடுத்தனுப்புவேன். அந்த நாளில் கிரீன் கார்டில் வந்த மற்றவர்களும் இருந்தால் எழுதுங்கள், பிள்ளைகள் இதையெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை.