18 நாள் குழந்தை: போர்த்தினால் வியர்க்கிறது, எடுத்தால் சில்லிடுகிறது

என் மகள் பிறந்து 18 நாள் ஆகிறது. நிறைமாதக் குழந்தை, இப்போது 3.1 கிலோ. பகலில் பிரச்சினை இல்லை. இரவு 2 மணிக்கு மேல் அறை 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, அப்போதுதான் திண்டாட்டம்.

முதலில் மெல்லிய மஸ்லின் துணியில் சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் கையை உருவிவிட்டாள், துணி மூக்கு வரை ஏறிவிட்டது. அன்றிரவு நான் கண்ணே மூடவில்லை. அப்புறம் ஃப்ளீஸ் என்கிற தடித்த, கதகதப்பான துணியில் சுற்றிப் பார்த்தேன். அரை மணியில் பிடரி முடி நனைந்து ஒட்டிக்கொண்டது, முகம் சிவந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டேன்.

இப்போது முழுக்கைப் பருத்திச் சட்டை, அதன்மேல் இரண்டு சுற்று மஸ்லின். கை கால் சில்லென்று இருக்கிறது, ஆனால் நெஞ்சும் பிடரியும் இளஞ்சூடுதான். இந்த வயதில் கை கால் குளிர்வது சகஜம், நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள் என்றார் மருத்துவர். தெரிந்தும் அந்தக் குட்டி விரல்களைத் தொட்டால் மனசு பதறுகிறது.

மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறேன். தொட்டிலில் தளர்வான போர்வை, தொப்பி எதுவும் இல்லை. கால் மடங்கி விரிய இடம் விட்டே சுற்றுகிறேன்.

இனி சுற்றுவதை விட்டுவிட்டு, கழுத்துக்குச் சரியாகப் பொருந்தும் தூக்கப் பை (போர்வைக்குப் பதிலாக உடைபோல் மாட்டிவிடுவது) வாங்கப் போகிறேன். 20 டிகிரி அறையில், உள்ளே முழுக்கைச் சட்டை இருந்தால், 1 டாக் (துணி எவ்வளவு சூட்டைக் காக்கும் என்பதன் அளவு; எண் கூடினால் கதகதப்பும் கூடும்) பை போதுமா, 2.5 டாக் வேண்டுமா?