ஓட்ஸ்: தாமதமாக விதைத்ததில் மணி மெலிவு, முளைப்பும் குறைவு. விதைக்கு வைக்கலாமா?

மேட்டுக்காடு:
ஒரே விதை, ஒரே உரம், அடுத்தடுத்த இரண்டு துண்டு நிலம். ஒன்றில் குளிர் தொடங்கும்போதே விதைத்தாயிற்று. மற்றதில் முந்தைய பயிரின் அறுவடை இழுத்ததால் சில வாரம் தள்ளிப்போனது. தாமதமான துண்டில் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டுகள்) குறைவு, கதிரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பதர், மணியும் லேசு. அது போகட்டும். கதிரடித்த கையோடு ஈரத்துணியில் முளைக்கப் போட்டால், நன்றாக விளைந்த துண்டின் விதையும் பாதிதான் முளைக்கிறது. இதை அடுத்த பருவத்துக்கு வைக்கலாமா?

கம்பங்கதிர்:
வெயில்தான் காரணம். பூக்கும் நேரத்திலும் பால் பிடிக்கும்போதும் சூடு ஏறினால் ஓட்ஸ் தாங்காது. துரு நோய் வந்ததா என்றும் பாருங்கள், பிந்திய பயிரில் அது அதிகம்.

வரப்போரம்:
விதைக்காகவே ஓட்ஸ் போடுகிறவன் நான். கம்பங்கதிர் சொன்னது சரி, ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. ஓட்ஸ் நீண்ட பகல் பயிர். பகல் நீண்டால், தூர் கட்டி முடித்தோமா என்று பார்க்காமல் கதிர் தள்ள ஆரம்பித்துவிடும். பிந்தி விதைத்தால் குறைவது தூர்கட்டும் காலம்தான். அதனால்தான் பிந்தினால் விதை அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்வார்கள். கதிர் எண்ணிக்கை ஓரளவு சரியாகும். மணியின் எடை திரும்ப வராது. ஒவ்வொரு சிறுகதிரிலும் பெரும்பாலும் இரண்டு மணி இருக்கும். வெளியே இருப்பது பெரியது, உள்ளே இருப்பது சிறியது. சூட்டில் முதலில் அடிபடுவது அந்தச் சின்னதுதான். உமி இருக்கும், உள்ளே சதை இருக்காது.

அறுவடைதான் விதைக்காரனுக்குத் தலைவலி. ஓட்ஸ் கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பழுக்கும். தாய்த்தண்டு முந்தும், தூர்கள் பிந்தும். கடைசி மணிவரை காத்திருந்தால் நுனியில் இருக்கும் நல்ல மணிகள் உதிர்ந்துவிடும். உமியில் பச்சை மறைந்து, நகத்தால் அழுத்தினால் பால் வராமல் தடம் மட்டும் பதிந்தால் மணி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஈரம் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அறுத்துப் பரப்பிக் காயவிடுகிறவர்கள் அங்கே தொடங்கலாம். நின்ற பயிரை இயந்திரத்தில் அடிப்பவர்கள் 12 முதல் 14 வரை இறங்க விடவேண்டும். அதற்கும் மேல் காய்ந்ததை டிரம்மை வேகமாகச் சுழலவிட்டு அடித்தால் உமி கழன்று முளைக்கரு அடிபடும். உமி போனது கஞ்சிக்கு ஆகும், விதைக்கு ஆகாது.

சரி, முளைப்புக்கு வருவோம். முளைக்காத விதையை அழுத்திப் பாருங்கள். கெட்டியா, கூழா?

மேட்டுக்காடு:
நன்றாக விளைந்த துண்டில் எல்லாம் கெட்டி அண்ணே. மற்றதில் சிலது கூழாகி பூஞ்சணம் பிடித்திருக்கிறது.

வரப்போரம்:
அப்படியென்றால் கெட்டியானது தூங்குகிறது, சாகவில்லை. புதிதாக அறுத்த ஓட்ஸுக்கு உறக்கம் உண்டு, சூடான இடத்தில் சோதித்தால் இன்னும் மோசமாகத் தெரியும். ஈரத்துணியோடு ஃப்ரிட்ஜில், உறையாத தட்டில், 5 நாள் வைத்துவிட்டு 20 டிகிரி அளவில் முளைக்கப் போடுங்கள். அல்லது சில வாரம் விட்டுச் சோதியுங்கள். நன்றாக முளைத்தால், ஈரம் 12க்குக் கீழே காயவைத்து, சல்லடையில் பெரிய மணியாகப் பிரித்து எடுத்து வையுங்கள்.

தாமதமான துண்டை விதைக்கு வைக்கவேண்டாம். தீவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.