ஒரத்துப்பாளையம் டேமுக்குக் கீழ தோட்டம் குத்தகைக்கு எடுக்கலாமுங்களா? கிணத்துத் தண்ணி கரிக்குது

புதுத்தோட்டம்: வணக்கங்க. சென்னிமலைப் பக்கம் 4 ஏக்கர் குத்தகைக்கு வருது, ரேட்டு ரொம்ப கம்மி. தண்ணிய வாயில வெச்சுப் பாத்தா கரிக்குது. சாயத்தண்ணி வர்றது நின்னு பல வருசம் ஆச்சு, ஜிப்சம் அடிச்சு விட்டா ரெண்டு மழையில சரியாயிரும்னு ஓனர் சொல்றாரு. உரக்கடையில ஏதோ ஒரு லிக்விட் காட்டி இத ஊத்துனா உப்பு முறிஞ்சிரும்ங்கறாங்க. சின்ன வெங்காயம் போடலாம்னு பிளான். நம்பலாமுங்களா?

ஆயக்கட்டுக்காரன்: ரேட்டு கம்மின்னதுமே யோசிச்சிருக்கணும் கண்ணு. 1992ல டேம் தொறந்தப்ப கரூர் வரைக்கும் பாயும்னு சந்தோசப்பட்டவங்க நாங்க. ஆனா மேல திருப்பூர்ல இருந்து நொய்யல் ஆத்துல வந்த சாயக்கழிவு பூராவும் இங்கதான் வந்து தேங்குச்சு, கொஞ்ச வருசத்துல எங்காளுங்களே டேம்ல தண்ணி நிறுத்தாதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, பாசனத்துக்குக் கட்டுன டேம்ல தண்ணி வேண்டாம்னு விவசாயியே சொன்ன கொடுமை வேற எங்கயாச்சும் உண்டா? தேங்கி நின்ன தண்ணி சுத்துவட்டாரக் கிணறு எல்லாத்துலயும் எறங்கிருச்சு. எங்க தென்னைமரத்துல இன்னமும் மட்டை நுனி கருகித்தான் வருது.

மண்ணுமருத்துவம்: உப்பு தானா மக்கிப் போறதுக்கு அது குப்பை இல்லைங்க. ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு நகரும், அவ்ளோதான், அத "முறிக்கற" லிக்விட்டுனு ஒண்ணு கெடையவே கெடையாது, காச வீணாக்காதீங்க. மொதல்ல உங்க மண்ணு உவரா களரான்னு பாக்கணும். உப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டற இசி (மின்கடத்தும் திறன்) 4க்கு மேல போனா உவர். சோடியம் ஏறி, காரத்தன்மையக் காட்டற பிஎச் 8.5ஐத் தாண்டுனா களர், அதுல மண்ணு இறுகிப் போயி மழை பேஞ்சாலும் உள்ள எறங்காம மேலயே நிக்கும். ஜிப்சம் கேக்கறது களருக்குத்தான், அதுல இருக்கற கால்சியம் சோடியத்தத் தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும். ஆனா தள்ளிவிட்ட சோடியத்த அலசி வெளிய அனுப்ப நல்ல தண்ணியும் வடிகாலும் வேணுமே, கரிக்கற தண்ணியவே மறுபடி பாய்ச்சுனா என்ன பிரயோஜனம்? அடியில பாறை வேற, வெடிப்புல நிக்கற உப்புத்தண்ணி லேசுல வெளியேறாது. வெங்காயம் உப்பத் தாங்காத பயிரு, அந்த நெனப்ப விட்ருங்க. பருத்தின்னா ஓரளவு தாங்கும்.

டையிங்மாஸ்டர்: எல்லாப் பழியும் எங்க மேலயேவா? 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சொல்லி திருப்பூர்ல மொத்தச் சாயப்பட்டறையும் மூடுனப்ப ஊரே வேலையில்லாம நின்னுது. இப்ப ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத்தண்ணிய வெளியவே விடறதில்ல, ஆர்ஓ ஃபில்டர் போட்டு மிச்சத்த எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்ப எடுத்து திரும்ப சாயத்துக்கே விடறோம். டார்க் ஷேடு காட்டன்ல ஏறணும்னா லிட்டருக்கு 50, 60 கிராம் உப்பு இல்லாம நடக்காது, கடல்தண்ணியே 35 கிராம்தான். ஆத்துல நுரை வந்தாலே சாயம்ங்கறாங்க, வீட்டுச் சாக்கடை சோப்புத்தண்ணியும் அதுலதான கலக்குது?

ஆயக்கட்டுக்காரன்: சாக்கடையும் வருது, இல்லைங்கல. ஆனா மழை அடிச்சு ஊத்தற ராத்திரியாப் பாத்து ஆத்துல கலரும் சேந்து வருதே தம்பி, அது எந்த வீட்டுச் சோப்பு? ஒழுங்கா நடத்தறவங்க இருக்காங்க, திருட்டுத்தனமா தொறந்து விடறவங்களும் இருக்காங்க. அதுவுமில்லாம மூடறதுக்கு முன்னாடி எறங்குன உப்பு எங்க கெணத்துல இன்னும் அப்படியேதான கெடக்குது.

மண்ணுமருத்துவம்: எவாப்பரேட்டர்லயும் எல்லா உப்பும் திரும்பக் கெடைக்கறதில்லைங்க, கலப்பு உப்புன்னு ஒண்ணு மிஞ்சி மூட்ட மூட்டையா ஷெட்டுலயே கெடக்கும். அத என்ன பண்றதுங்கற பிரச்சனை தனி.

புதுத்தோட்டம்: ரொம்ப நன்றிங்க, ஜிப்சத்தோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. தண்ணிய ஒரு பாட்டில்லயும் மண்ண ரெண்டு மூணு எடத்துலயும் எடுத்து லேப்ல குடுக்கறேன்.

ஆயக்கட்டுக்காரன்: மண்ண மேலாப்புல சுரண்டி எடுக்காதீங்க, ஒரு அடி ஆழத்துல தனியா, ரெண்டு அடியில தனியா எடுங்க. தண்ணி சித்திரை வைகாசியில எடுத்தாத்தான் உண்மை தெரியும், ஐப்பசி மழை முடிஞ்சு எடுத்தா நல்ல தண்ணி மாதிரியே காட்டும். ஓனர் அந்த ரிப்போர்ட்டத்தான் வெச்சிருப்பாரு. எடுத்தே ஆகணும்னா கெணத்த நம்பாம மழைய நம்பி கொழுக்கட்டைப்புல்லு வெதச்சு கொரங்காடா (மேய்ச்சல் காடா) விட்டு மாடு ஆடு மேய்ச்சுக்கலாம், ஆனா அதுகளுக்குக் குடிக்கறதுக்கு வேற தண்ணி பாத்துக்கணும்.