புத்ரே போகிறேன்: பச்சைப் பாறை, வால் வைத்த முயல், சில சந்தேகங்கள்

மலைக்காற்று:
வணக்கம். ஜனவரியில் வேலையாகச் சிலே நாட்டின் அரிக்கா போகிறேன். வேலை முடிந்ததும் இரண்டு நாள் கையில் இருக்கும். புத்ரே என்ற மலையூர்ப் பக்கம், லௌக்கா தேசியப் பூங்கா, அதிலுள்ள சுங்காரா ஏரி எல்லாம் பார்க்க ஆசை. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்கிறார்கள். முடியுமா? இன்னொன்று: படங்களில் பாறை மேல் தலையணை மாதிரி பச்சையாக ஏதோ புடைத்திருக்கிறதே, பாசியா? பக்கத்தில் நீள வாலோடு ஒரு முயல் வேறு!

நாமக்கோழி:
முடியும், ஆனால் வேண்டாம். நான் அப்படிப் போய் அனுபவித்தவன். அரிக்கா கடற்கரை ஊர், ஏரியோ 4,500 மீட்டருக்கு மேல். காலையில் கடலோரம் காபி, மதியம் ஏரிக்கரையில் வாந்தி. எதிரே பரினகோட்டா எரிமலை பனியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது, நானோ குனிந்து வண்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிப்போனவர் "தண்ணீர் குடியுங்கள்" என்றதோடு சரி. உயரத்தால் வரும் இந்த உபாதையை அந்த ஊர்க்காரர்கள் சொரோச்சே என்பார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை.

அடுத்த முறை புத்ரேயில் இரவு தங்கினேன். அது 3,500 மீட்டர். தலைவலி இருந்தது, ஆனால் கண்ணைத் திறந்து பார்க்க முடிந்தது. பூங்காவில் லாஸ் குயேவாஸ் என்ற இடத்துப் பாறைகளில் காலை வெயிலுக்கு அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்ததே, அதுதான் உங்கள் "முயல்". பெயர் விஸ்காச்சா, மென்மயிருக்குப் பேர்போன சின்சில்லாவின் உறவு. முயலே இல்லை, எலி, அணில் மாதிரிக் கொறிணி.

பச்சைப் பாறை பாசியும் இல்லை. யரெட்டா என்ற செடி, நம் கொத்தமல்லியின் குடும்பம்! தட்டினால் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

விகுனியாவையும் அல்பாக்காவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒட்டகக் குடும்பம்தான், முதலாவது காட்டு விலங்கு, மற்றது வீட்டு விலங்கு. காதில் கலர் நூல் குஞ்சம் கட்டியிருந்தால் அந்த மலைநாட்டுப் பூர்வகுடிகளான ஐமாரா மக்கள் வளர்ப்பது. மெலிந்த கழுத்தும் இலவங்கப்பட்டை நிறமுமாக, நம்மைக் கண்டதும் விலகினால் விகுனியா. வேட்டையால் 1960களில் சில ஆயிரங்களாகச் சுருங்கிப்போய், பாதுகாப்பு வந்த பிறகு மீண்ட விலங்கு.

என் பெயருக்குக் காரணமான பறவையும் சுங்காராவில்தான். ராட்சத நாமக்கோழி. நம் ஏரிகளில் பார்க்கிற நாமக்கோழியை பெரிய கோழி அளவுக்கு ஊதிவிட்டது போல. வளர்ந்தது பறப்பதே அபூர்வம். நீர்ச்செடிகளைக் குவித்துக் கட்டும் கூட்டில் ஆளே படுத்துக்கொள்ளலாம் போலிருக்கும். எல்லாரும் ஃபிளமிங்கோவைப் படமெடுக்க, நான் இதையே ஒரு மணி நேரம் பார்த்தேன்.

சோற்றுமூட்டை:
ஜனவரி அங்கே மழைக்காலம். கோடைதான், ஆனால் "அல்டிபிளானோ குளிர்காலம்" என்பார்கள் (அல்டிபிளானோ என்றால் அந்த உயர்ந்த மேட்டுநிலம்). மதியம் மேகம் மூடிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். பொலிவியா போகும் லாரிகளும் அதே சாலைதான். அப்புறம், ஏரிப்பக்கம் ஸ்டவ்வில் சோறு வைக்காதீர்கள். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது. குக்கர் இல்லாமல் போய் ரொட்டி தின்ற கதை என்னுடையது.

மலைக்காற்று:
நன்றி. புத்ரேயில் ஓர் இரவு முடிவாகிவிட்டது. அந்தக் கொத்தமல்லிப் பாறை மேல் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?

நாமக்கோழி:
பக்கத்தில் நின்று எடுங்கள். வருஷத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். முன்பு சுரங்கங்களுக்கு விறகாக வெட்டித் தீர்த்தது போதும்.