கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து கட்டாயமா?

கேள்வி (மதுரை, இரண்டு பிள்ளைகளின் அம்மா):
காப்பர்-டி போட்டிருந்தும் நாள் தள்ளிவிட்டது. எட்டு வாரம். அவர் துபாயில், அவருக்கும் சம்மதம்தான். ஆனால் ஒரு தனியார் கிளினிக்கில், "வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டமே அப்படியா?

செவிலியர் அக்கா:
இல்லைம்மா. 18 வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து போதும். 1971 கருக்கலைப்புச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். நான் முப்பது வருடம் செவிலியர். மாமியாரிடம்கூடக் கையெழுத்துக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் சண்டை வருமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. அரசு மருத்துவமனைக்குப் போ. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புதல் போதும் என்றாலும் நாள் கடத்தாதே. அப்புறம், "அப்படியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிக்கோ" என்பார்கள். அது உன் இஷ்டம். இரண்டுக்கும் முடிச்சுப் போட விடாதே.

சட்ட மாணவன்:
அந்தச் சட்டத்தின் 2021 திருத்தத்தில், கருத்தடை தவறிய கர்ப்பத்தைப் பற்றிய பகுதியில் இருந்த 'கணவர்' என்ற சொல்லையே 'துணை' என்று மாற்றிவிட்டார்கள். 20 முதல் 24 வார வரம்பில் திருமணமாகாதவர்களுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது.

கேட்டவர்:
சரி அக்கா, நாளைக்கே போகிறேன். சின்னவனை யாரிடம் விடுவது என்பதுதான் இப்போது யோசனை.