டேபிளைப் பெரிதாக்கியும் தீராத தலைவலி: ஹாஷ் டேபிளோடு மல்லுக்கட்டிய அனுபவங்களைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். ஹாஷ் டேபிள் என்பது ஒரு பெயரை எண்ணாக (ஹாஷ்) மாற்றி, அந்த எண்ணுக்குரிய 'பக்கெட்' என்ற அறையில் போட்டு வைத்து வேகமாகத் தேடும் அட்டவணை. ஒரே என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் பல கிளையன்ட்களின் தளங்களை ஓட்டுபவர்களுக்கு இந்த எர்ரர் பழக்கமாக இருக்கும்: சர்வர் நேம்ஸ் ஹாஷைக் கட்ட முடியவில்லை, பக்கெட் சைஸைக் கூட்டு, இப்போது இருப்பது 64.

எங்களிடம் அது வந்த விதம்தான் விசித்திரம். ஊர், கிளை, துறை எல்லாவற்றையும் கோர்த்து ஒரு கிளையன்ட் நீளமான சப்டொமைன் கேட்டார். சேர்த்து ரீலோட் கொடுத்தாயிற்று. எந்தத் தளமும் விழவில்லை. விழாது, ஏனென்றால் ரீலோடின்போது புது கான்ஃபிக் தேறவில்லை என்றால் என்ஜின்எக்ஸ் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரியை யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி கர்னல் பேட்ச் போட்டு மெஷினை ரீபூட் செய்தபோது, பழைய கான்ஃபிக் என்று ஒன்றே கிடையாது. என்ஜின்எக்ஸ் எழும்பவே இல்லை, எல்லாத் தளமும் காலி.

டியூட்டியில் இருந்தவர் 'ஹாஷ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பெயர்கள் அதிகமாகிவிட்டன என்று நினைத்து மேக்ஸ் சைஸை 512-லிருந்து 4096 ஆக்கினார். அதே எர்ரர். 8192 ஆக்கினார். அதே எர்ரர்.

இங்கே இரண்டு எண்களும் இரண்டு வேலை செய்கின்றன. மேக்ஸ் சைஸ் என்பது எத்தனை பக்கெட் வரை போகலாம் என்பது. பக்கெட் சைஸ் என்பது ஒரு பக்கெட் எத்தனை பைட் என்பது. என்ஜின்எக்ஸ் இந்த டேபிளைத் தொடக்கத்தில் ஒருமுறை கட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொள்கிறது, ஓடும்போது வளர்ப்பதில்லை. பக்கெட்டைப் பிராசஸரின் கேஷ் லைன் அளவுக்கு வைத்திருப்பதும் காரணமாகத்தான்: எந்தப் பெயரைத் தேடினாலும் மெமரியை அதிகபட்சம் இரண்டு முறை தொட்டால் போதும். 64 பிட் மெஷினில், 64 பைட் பக்கெட்டுக்குள் பாயின்ட்டர்களும் நீளத்தைக் குறிக்கும் இரண்டு பைட்டும் போக, 46 எழுத்துக்கு மேற்பட்ட பெயர் நுழையவே நுழையாது. எத்தனை ஆயிரம் பக்கெட் வைத்தாலும் ஒவ்வொன்றும் அதே 64 பைட்தானே. 128 என்று மாற்றியதும் எழுந்தது.

பெயர்கள் நிறைய இருந்து மோதல் (பல பெயர்கள் ஒரே பக்கெட்டில் விழுவது) கூடினால் வருவது வேறு மெசேஜ். அது 'ஆப்டிமல் ஹாஷ் கட்ட முடியவில்லை' என்ற வார்னிங், இரண்டில் எதையாவது கூட்டு என்று சொல்லும், சர்வர் ஓடும். அதற்கு மேக்ஸ் சைஸைத்தான் முதலில் தொட வேண்டும். இரண்டு மெசேஜும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பது என்னைக் கேட்டால் கொடுமை.

*

அண்ணா, உங்கள் 4096 கதையின் ஜாவா வடிவம் என்னிடம் இருக்கிறது.

ஒரு நிதி நிறுவனத்தின் பழைய கோட் எங்கள் கைக்கு வந்தது. மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் ஓடினால் சிபியு நூறு சதவீதம். த்ரெட் டம்ப் எடுத்தால் எல்லா த்ரெட்டும் ஜாவாவின் ஹாஷ் டேபிளான ஹாஷ்மேப்பின் கெட் மெத்தடிலேயே நிற்கிறது. முன்பு இருந்த டீம் மேப்பின் தொடக்கக் கொள்ளளவைப் பத்து லட்சம் ஆக்கி வைத்திருந்தது. பயன், வீணாகும் மெமரி மட்டும்.

கீ-க்கான (தேடுவதற்கான அடையாளம்) கிளாஸைத் திறந்து பார்த்தேன். கிளை எண், கணக்கு எண், தேதி என்று மூன்று ஃபீல்டு. இரண்டு கீ சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மூன்றையும் ஒப்பிடுகிறது. ஹாஷைக் கணக்கிடும் ஹாஷ்கோடு கிளை எண்ணை மட்டும் திருப்பித் தருகிறது. விதிப்படி அதில் தவறே இல்லை, சமமான இரண்டு கீ-க்கு ஒரே ஹாஷ் வந்தால் போதும் என்பதுதான் விதி. ஆனால் ஒரு கிளையின் அத்தனை கணக்கும் ஒரே பக்கெட்டில். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே டோக்கன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கவுன்டரை மட்டும் கூட்டிக்கொண்டே போன கதை.

ஜாவா 8-க்கு மாறினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பாதி உண்மை. ஒரு பக்கெட்டில் 8-க்கு மேல் சேர்ந்து, டேபிளும் 64-க்குக் குறையாமல் இருந்தால், அந்தச் சங்கிலியை அது மரமாக்கிவிடும். ஆனால் ஹாஷ் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது மரத்தில் இடமா வலமா என்று முடிவெடுக்க கீ கம்பேரபிளாக (எது முன், எது பின் என்று ஒப்பிடக்கூடியதாக) இருக்க வேண்டும். எங்களுடையது இல்லை. அதனால் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டு போகும், பழைய மந்தம் அப்படியே. ஹாஷ்கோடில் மூன்று ஃபீல்டையும் கலந்ததும் தீர்ந்தது. பத்து லட்சத்தையும் எடுத்துவிட்டேன்.

*

நான் பிஎச்பி ஆள். ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவுப் பக்கம். 60 மாணவர்கள், ஆளுக்கு 18 கட்டம். டீச்சர் சேவ் கொடுத்தால் வகுப்பின் கடைசி நாலைந்து பேருக்கு மட்டும் மார்க் ஏறாது. 'வை'யில் பெயர் தொடங்கும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

60-ஐ 18-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1080. பிஎச்பியின் மேக்ஸ் இன்புட் வார்ஸ், அதாவது ஒரு ஃபார்மில் ஏற்கும் ஃபீல்டு எண்ணிக்கைக்கான வரம்பு, 1000. அதற்கு மேல் வருவதை வெட்டிவிட்டு லாகில் ஒரு வார்னிங் எழுதும்.

இதற்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த வரம்பே ஹாஷ் மோதலால் வந்தது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த 28சி3 ஹேக்கர் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டே என்ற இருவர் செய்து காட்டினார்கள்: ஒரே ஹாஷ் வரும் ஃபீல்டு பெயர்களாகப் பார்த்து ஒரு ஃபார்மில் அனுப்பினால் பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி என்று பல சர்வர்கள் மூச்சுத் திணறும். 2003-லேயே கிராஸ்பி, வாலக் என்ற ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள், பெர்ல் மட்டும்தான் உடனே சுதாரித்தது. ஜாவாவில் மோதும் பெயர்களை உருவாக்குவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். முதல் எழுத்தின் எண்ணை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டுவதுதான் அங்கே ஹாஷ். ஆங்கிலத்தில் பெரிய 'ஏ', சின்ன 'ஏ' சேர்த்தால் 65×31+97, அதாவது 2112. இரண்டு பெரிய 'பி' சேர்த்தால் 66×31+66, அதுவும் 2112. இந்த இரண்டு ஜோடிகளையும் மாற்றி மாற்றிக் கோர்த்தால் 20 எழுத்தில் 1024 பெயர்கள், அத்தனைக்கும் ஒரே ஹாஷ்.

பைத்தான் 3.4-லிருந்து, மோதும் பெயர்களை வெளியாள் கணிக்க முடியாத சிப்ஹாஷ் என்ற முறைக்குப் போனது. பிஎச்பி ஹாஷைத் தொடாமல் 5.3.9-இல் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. அந்த வரம்புதான் எங்கள் டீச்சர் தலையில் விடிந்தது. வரம்பை 3000 ஆக்கிக் கொடுத்தேன், பிறகு எல்லா மார்க்கையும் ஒரே ஜேசன் தொகுப்பாக அனுப்பும்படி பக்கத்தையே மாற்றினோம்.

*

ரெடிஸ் (தரவை மெமரியிலேயே வைக்கும் டேட்டாபேஸ்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கீ எண்ணிக்கை டேபிள் அளவைத் தொட்டதும் அது இரட்டிப்பு அளவில் இன்னொரு டேபிள் எடுத்து, பழையதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். மாற்றுவதுதான் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் எடுப்பது ஒரே அடியில். 6,71,08,864 கீயைத் தாண்டும்போது புது டேபிளின் பாயின்ட்டர்களுக்கு மட்டும் 1 ஜிபி. மேக்ஸ்மெமரி (மெமரிக்கு நாம் வைக்கும் வரம்பு) அருகில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய வெர்ஷன், அந்த 1 ஜிபிக்காக நல்ல கீக்களை எல்லாம் அள்ளி வெளியே தள்ளியது. 6.2-லிருந்து, எடுத்தால் வரம்பு மீறுமா என்று பார்த்துவிட்டுத்தான் டேபிளை வளர்க்கிறது.