ஏற்காடு கவியரங்கம்: கையெழுத்துப் படி எதற்கு?

அம்மாப்பேட்டை அக்கா:
மே மாசம் ஏற்காட்டில் நடக்கிற கவியரங்கத்துக்குக் கவிதையைச் சொந்தக் கையெழுத்தில்தான் அனுப்பணுமாம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. போன் பண்ணினா, "டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தில் வாசிங்கம்மா"ங்கிறாங்க. அந்த மேடை தெரியும். பொன்னாடை, பத்து நிமிஷப் புகழ்ச்சி, கவிதைக்கு ரெண்டு நிமிஷம். அதுவும் இருட்டைப் பத்தி இருந்தா நல்லதாம். நான் எழுதுறது தறியைப் பத்தி.

மரவனேரி வாசகன்:
தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ஏஐ கவிதை வந்து குவியுது, அதைத் தடுக்க வச்ச விதி அது. கலையில் ஒதுக்கீடு கேட்டா கவிதைக்குத்தான் கேடு. பார்வையில்லாத அந்தகக்கவி வீரராகவரும், ஒருத்தருக்குப் பார்வையும் இன்னொருத்தருக்கு நடையும் இல்லாத இரட்டைப்புலவரும் எந்தச் சட்டத்தை நம்பிப் பாடினாங்க?

அம்மாப்பேட்டை அக்கா:
ஒதுக்கீட்டை யார் கேட்டா தம்பி? 4 சதவீதம் அரசு வேலைக்கு. அந்தகக்கவி காலத்தில் கவிதை காதுக்கு வந்தது; சபையில் பாடினா சபையே கேட்டுச்சு. அச்சு வந்து, பத்திரிகை வந்து, "தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும்" வந்த பிறகுதான் எங்களுக்கு வாசல் சாத்துச்சு. யூனிகோடும், திரையில் இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற திரைவாசிப்பானும் வந்து இப்ப நானே அடிக்கிறேன், நானே திருத்துறேன். அதுக்கும் பூட்டா? ஏஐ எழுதினதைப் பார்த்துக் கையால் காப்பியடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

குகைவாசி:
கடைசிக் கேள்வி செம! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-வது பிரிவே மாற்றுத்திறனாளி எழுத்தாளர்களுக்கு வசதியும் ஆதரவும் தரணும்னு சொல்லுது.

மரவனேரி வாசகன்:
அது அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சொன்னது. இது நாலு பேர் கைக்காசு போட்டு நடத்துறது. ஆளுக்கொரு விதி வைக்க முடியுமா?

அம்மாப்பேட்டை அக்கா:
எல்லாருக்கும் ஒரே விதி வைங்க. தட்டச்சில் வாங்குங்க, சந்தேகம்னா மேடையில் தலைப்பு கொடுத்துப் பாடச் சொல்லுங்க. நடுவர்ல எங்க ஆள் ஒருத்தர் இருக்கட்டும். நீங்க எழுதுற கவிதையில் வர்ற பார்வையில்லாதவன் ஒண்ணு ஞானி, இல்லாட்டிப் பிச்சைக்காரன். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுறவன் ஒருத்தன்கூட இல்லை.

மரவனேரி வாசகன்:
பிச்சைக்காரன் விஷயம் சரிதான், சுடுது. ஆனா பார்வை இல்லாததே நடுவர் தகுதி ஆகாது, அதில் நான் மாறல. தலைப்பு கொடுத்தா, வாரக்கணக்கில் திருத்தி எழுதுற என்னை மாதிரி ஆளுங்க தோத்துடுவோம்.

குகைவாசி:
கமிட்டிக்காரங்க வந்து பதில் சொல்லட்டும். அக்கா, கடைசித் தேதி என்ன? அறிவிப்பில் இருக்குமே.

அம்மாப்பேட்டை அக்கா:
அறிவிப்பைப் படமா போட்டிருக்காங்க. திரைவாசிப்பான் "படம்"னு மட்டும் சொல்லுது. யாராச்சும் தட்டச்சு பண்ணிப் போடுங்கப்பா.